வாட்ஸ்அப்பில் வந்த வேலை... ஆட்டை விற்று டெபாசிட் கட்டலாமா?

‘‘மகன் வேளாண்மை டிப்ளமோ முடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஓர் உரக் கம்பெனிக்கு விண்ணப்பித்தான். போனிலேயே இன்டர்வியூ நடந்தது. கள அலுவலர் வேலை, மாதம் 28,000 ரூபாய் சம்பளம், பெட்ரோல் செலவு தனி என்று ஆர்டர் வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் என்று 750 ரூபாய் கட்டிவிட்டோம். இப்போது லேப்டாப்புக்காக 18,500 ரூபாய் டெபாசிட் கேட்கிறார்கள். மூன்று மாதத்தில் திருப்பித் தருவார்களாம். ஆடி மாதத்துக்கு என்று வைத்திருக்கும் மூன்று கிடாக்களை விற்றால் கட்டிவிடலாம். கட்டலாமா?’’

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்.

கிடாக்களை விற்க வேண்டாம். ஆடி வரை கொட்டிலிலேயே நிற்கட்டும். இந்த 18,500 ரூபாயைக் கட்டினால் பணமும் திரும்பி வராது, வேலையும் வராது.

கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்றால், மேஸ்திரி முன்பணத்தோடு வந்து வாசலில் நிற்பார். செங்கல் சூளைக்கு ஆள் பிடிப்பவரும் அப்படித்தான். அந்த முன்பணம் வாங்கிவிட்டு மீள முடியாமல் தவித்த குடும்பங்களின் கதை வேறு. ஆனால், பணம் போகும் திசை மட்டும் மாறியதில்லை. வேலை கொடுப்பவர் கையிலிருந்து வேலை செய்பவர் கைக்குத்தான் அது போகும். வேலைக்கு வருகிறவனிடம் முன்பணம் வாங்கிய மேஸ்திரியை எந்த ஊரிலும் பார்த்திருக்க முடியாது. கோட்டு, டை போட்ட படத்தோடு போனில் வரும்போது மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. முறையாக நடக்கும் எந்த நிறுவனமும் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், யூனிஃபார்ம் பணம், பயிற்சிக் கிட், மெடிக்கல் செக்கப் என்று எந்தப் பெயரிலும் வேலைக்கு எடுக்கும்போது ஆளிடம் பணம் வாங்காது.

முதலில் 750 ரூபாய் கேட்டது ஏன் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பணம் அவர்களுக்குப் பெரிதில்லை. தூண்டிலில் மீன் கடிக்கிறதா என்று பார்க்கும் தொகை அது. கட்டியவர் அடுத்ததையும் கட்டுவார் என்று தெரிந்துவிடுகிறது. 18,500 ரூபாய் போனதும், ‘சம்பளக் கணக்கு திறக்க 6,000’, ‘டெபாசிட்டைத் திருப்பித் தர ஜி.எஸ்.டி கட்ட வேண்டும்’ என்று வரிசையாக வரும். ஏற்கெனவே போட்ட பணத்தை விட மனமில்லாமல்தான் பெரும்பாலானோர் மேலும் மேலும் கட்டுகிறார்கள். காய்ந்துபோன போர்வெல்லை இன்னும் 50 அடி, இன்னும் 50 அடி என்று இறக்குவது போலத்தான்.

ஆர்டரில் பெரிய கம்பெனியின் பெயரும் சின்னமும் இருக்கிறதே என்று மகன் கேட்கலாம். சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்ட இரண்டு நிமிடம் போதும். கம்பெனி உண்மையாக இருக்கும். ஆர்டர்தான் போலியாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க, நகரத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு வழி விவசாயக் குடும்பத்துக்கு இருக்கிறது. நேராக வழக்கமாக உரம், மருந்து வாங்கும் கடைக்குப் போக வேண்டும். அந்தக் கம்பெனியின் சரக்கு அங்கே விற்றால், கம்பெனி ஆள் மாதம் ஒரு முறையாவது ஆர்டர் எடுக்க வந்துபோவார். கடைக்காரரிடம் அவருடைய எண் இருக்கும். ‘உங்கள் கம்பெனியில் இந்த மாவட்டத்துக்கு ஆள் எடுக்கிறீர்களா?’ என்று அவரிடம் ஒரு கேள்வி கேட்டால், ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். உண்மையிலேயே காலியிடம் இருந்தால், அதே மனிதர் மூலம் மகனின் விவரம் சரியான மேலாளரிடம் போய்ச் சேரவும் வாய்ப்பு இருக்கிறது.

கடையில் விவரம் கிடைக்காவிட்டால், பூச்சிமருந்து டப்பாவின் லேபிளைப் பார்க்கலாம். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் அதில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். பெயரை வைத்துக் கம்பெனியின் சொந்த இணையதளத்தைத் தேடி, அதில் உள்ள எண்ணுக்குப் பேச வேண்டும். ஆர்டரில் கொடுத்திருக்கும் எண்ணுக்குப் பேசினால், ஏமாற்றுகிறவரே எடுத்து ‘ஆமாம், வேலை உண்டு’ என்பார். கடிதம் எந்த மெயிலிலிருந்து வந்தது என்பதும் முக்கியம். பெரிய நிறுவனங்களின் மெயிலில் அட் குறிக்குப் பிறகு நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஜிமெயிலில் வரும் ‘அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்’ சந்தேகத்துக்கு உரியதுதான்.

போன 750 ரூபாய்க்கு என்ன செய்வது? 1930 என்ற எண் நாடு முழுவதற்குமான சைபர் குற்ற உதவி எண். தொகை சிறிதாக இருந்தாலும் சொல்லலாம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால், அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அதிகம். யு.பி.ஐ-யில் அனுப்பியிருந்தால் 12 இலக்க யு.டி.ஆர் எண் ரசீதில் இருக்கும். அதை எழுதிவைக்க வேண்டும். அவமானமாக இருக்கிறது என்று உரையாடலை அழித்துவிடக் கூடாது. அதுதான் ஆதாரம்.

பணத்தைவிடக் கவலைப்பட வேண்டியது, மகன் அனுப்பியிருக்கக்கூடிய ஆதார், பான், பாஸ்புக் நகல்களைப் பற்றித்தான். அனுப்பியிருந்தால் மூன்று வேலைகள் இருக்கின்றன. ‘எம்-ஆதார்’ செயலியில் கைரேகைப் பதிவைப் பூட்டிவைக்கலாம்; தேவைப்படும்போது திறந்துகொள்ளலாம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் மகன் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம். சிபில் போன்ற நிறுவனங்கள் வருடத்துக்கு ஒரு முறை கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். மகனின் பான் எண்ணில் யாரும் கடன் வாங்கியிருக்கிறார்களா என்பது அதில் தெரியும்.

இந்தக் கும்பல்கள் ‘டெபாசிட் கட்ட வசதியில்லை’ என்பவர்களிடம் வேறொரு வேலை கொடுப்பதும் உண்டு. ‘உன் கணக்கில் பணம் வரும். கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பு’ என்பார்கள். உட்கார்ந்த இடத்தில் நாளுக்கு 1,000 ரூபாய் கிடைக்கும்போது பிள்ளைக்கு அது குற்றமாகவே தெரியாது. வருவது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணம். புகார் வந்ததும் கணக்கு முடங்கும். எங்கோ ஒரு மாநிலத்துக் காவல் நிலையத்தில் வழக்கு இருக்கும். முதலில் தேடப்படுவது கணக்கின் சொந்தக்காரர்தான். தன்னிடம் கணக்கு இல்லை என்று அப்பாவின் பாஸ்புக்கையோ அம்மாவின் ஏ.டி.எம் கார்டையோ கொடுத்திருந்தால், பி.எம். கிசான் பணம், பயிர்க்கடன், நூறு நாள் வேலைக் கூலி எல்லாம் அந்த முடங்கிய கணக்கில் சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்று. மகனைத் திட்ட வேண்டாம். ஒன்றரை வருடம் வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு, வந்து போகிறவர்கள் எல்லாம் ‘இன்னும் வேலை கிடைக்கலையா?’ என்று கேட்பதே போதும். திட்டினால் அடுத்த முறை வீட்டில் சொல்லாமல், கடன் செயலியில் வாங்கிக் கட்டுவான். இந்த முறை கிடாவை விற்பதற்கு முன்பு பேச்சு வந்திருக்கிறது. அந்த வழக்கம் வீட்டில் தொடர வேண்டும்.

‘‘மகள் தோட்டக்கலை டிப்ளமோ படித்திருக்கிறாள். வேலை தேடுவதாகச் சொல்லி நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உண்மையிலேயே அதில் வேலை கிடைக்குமா? பெண் பிள்ளை தன் படத்தையும் விவரத்தையும் போடலாமா?’’

– வாசகி, நிலக்கோட்டை வட்டம், திண்டுக்கல் மாவட்டம்.

கிடைக்கும். ஆனால், பார்த்துக்கொண்டிருப்பதால் கிடைக்காது.

வேலை தேடும் பிள்ளைகளில் பலர் செய்வது ஒன்றே ஒன்றுதான். இருபது வேலைவாய்ப்புக் குழுக்களில் சேர்ந்துகொண்டு, வருகிற விளம்பரத்துக்கெல்லாம் ஒரே பயோடேட்டாவை அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் குழுக்களில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆயிரம் பேரும் அதையே செய்வார்கள். விளம்பரமும் பழையதாக இருக்கும். ‘பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்று மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், எங்கோ தொடங்கி ஊர் சுற்றி வந்த செய்தி அது. தேதியும் முகவரியும் இல்லாத விளம்பரத்தைப் படிக்கிற நேரத்தில் ஒரு முழம் பூ கட்டிவிடலாம்.

அந்தப் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தால், ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுவேன், ஹாபி: பாட்டுக் கேட்பது’ என்று இருக்கும். வீட்டில் மல்லிகைத் தோட்டம் இருப்பது அதில் இருக்காது. செடிக்குக் கவாத்து செய்தது, மொட்டுப்புழுவுக்கு மருந்து அடித்தது, விடியற்காலையில் பூ எடுத்துச் சந்தைக்கு அனுப்பிய கணக்கை எழுதியது, சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்தது எதுவும் இருக்காது. அதெல்லாம் வேலை இல்லை, வீட்டுக் காரியம் என்று நினைத்துப் பிள்ளைகள் மறைத்துவிடுகிறார்கள். நர்சரி வைத்திருப்பவரும், சொட்டுநீர்க் கம்பெனிக்காரரும், ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் பூச்செடி வளர்ப்பவரும் தேடுவது அதைத்தான். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். வெயிலில் நிற்கத் தெரிந்த, செடியைப் பார்த்ததும் என்ன குறை என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் குறைவு.

எனவே, முதல் வேலை அதை வெளியே சொல்வது. லிங்க்டுஇன் என்ற தளம் வேலைக்காகவே இருப்பது; கணக்குத் தொடங்கப் பணம் வேண்டாம். பெயருக்குக் கீழே ஒரு வரி எழுத இடம் இருக்கும். ‘வேலை தேடுகிறேன்’ என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். ‘தோட்டக்கலை டிப்ளமோ, நாற்றங்கால், ஒட்டுக்கட்டுதல், சொட்டுநீர் உரப்பாசனம்’ என்று எழுதினால், அந்தச் சொற்களைத் தேடுகிறவர் கண்ணில் படும். அதன்பிறகு வாரம் ஒரு பதிவு போதும். குழித்தட்டில் நாற்று விட்டதிலிருந்து பிடுங்கி நடும் வரை நான்கு படங்கள், முளைப்பு எத்தனை சதவிகிதம் வந்தது என்ற கணக்கு, எதில் தப்பு நடந்தது என்ற ஒரு வரி. பேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் இதையே போடலாம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினால் தமிழிலேயே எழுதலாம். இங்கே விவசாயிகளிடம் பேசும் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு, நல்ல தமிழில் விளக்கத் தெரிந்த பெண் வேண்டும்.

இரண்டாவது, யாரைக் கேட்பது என்பது. அமெரிக்க சமூகவியல் அறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1973-ம் ஆண்டு எழுதிய ஆய்வுக்கட்டுரை இந்த விஷயத்தில் இன்றும் பேசப்படுகிறது. தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களை விசாரித்தபோது, நெருங்கிய நண்பர்கள் மூலம் கிடைத்தவர்கள் குறைவாகவும், எப்போதாவது பார்க்கும் பழக்கக்காரர்கள் மூலம் கிடைத்தவர்கள் அதிகமாகவும் இருந்தார்கள். யோசித்தால் இது புரியும். தினமும் பேசும் தோழிக்கு, மகளுக்குத் தெரிந்த செய்திதான் தெரியும். இரண்டு வருடம் முன்னால் படித்து, ஏதோ ஒரு விதைக் கம்பெனியில் சேர்ந்துவிட்ட அக்காவுக்கு வேறு செய்தி தெரியும். மகள் படித்த கல்லூரியின் பழைய மாணவர் குழுவில் அப்படிப் பத்து அக்கா, அண்ணன்களாவது இருப்பார்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுத வேண்டும். ‘ஹாய்’ என்று அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கக் கூடாது. இப்படி இருக்கலாம்:

‘அக்கா, வணக்கம். நான் நம் கல்லூரியில் இந்த வருடம் தோட்டக்கலை டிப்ளமோ முடித்தேன். வீட்டில் ஒன்றரை ஏக்கர் மல்லிகை இருக்கிறது. சொட்டுநீரும் உரப்பாசனமும் நான்தான் பார்க்கிறேன். ஒட்டுக்கட்டத் தெரியும். டூவீலர் லைசென்ஸ் உண்டு. திண்டுக்கல், மதுரை, தேனி மாவட்டங்களில் எங்கும் வேலை பார்க்க முடியும். உங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கும்போது யாருக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.’

இதில் வேலை கொடு என்ற கெஞ்சல் இல்லை. யாரைக் கேட்க வேண்டும் என்ற கேள்விதான் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்வது எவருக்கும் சுலபம்.

மூன்றாவது, எங்கே பார்ப்பது. மாவட்டத்து உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பேஸ்புக் பக்கங்களும் வாட்ஸ்அப் குழுக்களும் நல்ல இடம். மத்திய அரசின் திட்டத்தில் தொடங்கிய நிறுவனங்களுக்கு, முதன்மைச் செயல் அலுவலர், கணக்காளர் ஆகியோரின் சம்பளத்துக்கே முதல் மூன்று ஆண்டுகளுக்கு நிதி உதவி உண்டு. வேளாண் அறிவியல் நிலையங்களில் தற்காலிகப் பணியிடங்கள் வரும்போது அவற்றின் இணையதளத்தில் அறிவிப்பார்கள். தமிழக அரசின் ‘தனியார் துறை வேலை இணையம்’ என்ற தளத்தில் பதிவுசெய்ய ஒரு ரூபாய்கூட வேண்டாம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் முகாம்களிலும் அப்படித்தான். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். அரசு வேலை என்று வாட்ஸ்அப்பில் வந்தால், டி.என்.பி.எஸ்.சி தளத்திலோ, துறையின் சொந்தத் தளத்திலோ அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் நகரக் கூடாது. ‘வேளாண் துறையில் நேரடி நியமனம், ஆள் தெரியும்’ என்று வந்தால் பார்க்கவே வேண்டாம்.

பணம் கட்டவே கூடாதா என்றால், படிப்புக்கும் வேலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்ட உரிமம் வேண்டும்; 18 வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த மையத்தில் பயிற்சி எடுக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால், ‘பயிற்சியோடு வேலையும் உறுதி’ என்று இரண்டையும் ஒரே பையில் போட்டு விற்கிறவர்களிடம், ஏற்கெனவே பயிற்சி முடித்த நான்கு பேரின் எண்ணைக் கேட்டு வாங்கிப் பேசிவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும்.

பெண் பிள்ளை படம் போடலாமா என்ற கேள்விக்கு வருவோம். முகம் தெரியும் ஒரு சாதாரணப் படம் போடலாம். பாஸ்போர்ட் அளவு படமாக இருந்தால் போதும். ஊர்ப் பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். வீட்டு முகவரி, ஆதார், பிறந்த தேதி, அப்பாவின் போன் எண் எதுவும் பொதுவில் போட வேண்டியதில்லை. வேலைக்கென்று தனி மெயில் முகவரி வைத்துக்கொண்டால், சொந்த எண்ணை எல்லோருக்கும் கொடுக்க வேண்டி வராது. இன்டர்வியூ அலுவலகத்தில் நடக்க வேண்டும். லாட்ஜ், காபி ஷாப், ‘காரில் வந்து கூட்டிப் போகிறோம்’ என்றால் மறுத்துவிட வேண்டும். முதல் முறை வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய் வெளியே உட்கார்ந்திருக்கலாம். நல்ல நிறுவனத்தில் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போனைப் பிடுங்கி வைப்பது மட்டும் தீர்வாகாது. தோட்டத்து வேலையில் கெட்டிக்காரியாக இருக்கும் பெண், வெளியே யாருக்கும் தெரியாமல் இருக்கிறாள் என்பதுதான் இங்கே பிரச்னை. ஒரு நாள் சாயங்காலம் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஒட்டுக்கட்டுவதைப் போனில் வீடியோ எடுத்துக் கொடுக்கலாம்.

‘‘கணவர் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். வளைகுடா நாட்டில் பேரீச்சைத் தோட்டத்தில் வேலை என்று பேஸ்புக்கில் பார்த்துப் பேசியிருக்கிறார். 1,20,000 ரூபாய் கேட்கிறார்கள். முதலில் விசிட் விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஒரு ஏக்கர் புஞ்சையை அடமானம் வைக்கச் சொல்கிறார். என்ன செய்வது?’’

– வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

‘விசிட் விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்ற ஒரு வாக்கியமே போதும், மறுப்பதற்கு. சுற்றுலா வந்தவராகப் பதிவான ஆள், அங்கே சம்பளம் தராவிட்டாலும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாலும் தொழிலாளி என்று சொல்லி முறையிடுவது மிகக் கடினம்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர் என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். இதைத் தொந்தரவு என்று நினைத்துத்தான் பலர் விசிட் விசாவுக்குத் தலையாட்டுகிறார்கள். உண்மையில் அது குறைந்த படிப்புள்ளவர்களுக்கான வேலி. சம்பளம், வேலை, முதலாளி யார் என்ற ஒப்பந்தம் அந்த வழியில் போகும்போதுதான் அரசின் ‘இ-மைக்ரேட்’ பதிவில் ஏறுகிறது. 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் அப்போது எடுக்கப்படும். இரண்டு ஆண்டுகளுக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய்தான்.

ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவுபெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணை அலுவலகத்தில் மட்டுமல்ல, பேஸ்புக் விளம்பரத்திலும் போட வேண்டும். இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண் உண்மையா, உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம். அப்படிப் பதிவுபெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவிகித ஜி.எஸ்.டி-யும்தான் வாங்கலாம், மொத்தம் 35,400 ரூபாய். உங்கள் கணவரிடம் கேட்டிருப்பது அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

அந்தப் பேஸ்புக் பக்கத்தையே கொஞ்சம் கிளறிப் பார்க்கலாம். ‘பேஜ் டிரான்ஸ்பரன்சி’ என்ற இடத்தை அழுத்தினால், பக்கம் எப்போது தொடங்கியது, முன்பு என்ன பெயரில் இருந்தது என்பதெல்லாம் வரும். போன வருடம் சமையல் குறிப்பு போட்டுக்கொண்டிருந்த பக்கம், இந்த வருடம் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் கம்பெனியாக மாறியிருந்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை.

படிக்காதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்றும் இல்லை. 2022-ம் ஆண்டு, தாய்லாந்தில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரங்களை நம்பிப் போன கம்ப்யூட்டர் படித்த இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிப் பகுதிக்குக் கடத்தப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த வேலை, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றுவது. மத்திய வெளியுறவுத் துறை அந்த ஆண்டு செப்டம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. அக்டோபரில் மீட்கப்பட்டவர்களில் 13 பேர் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வெளிநாடு போவதே தப்பு என்று சொல்லவில்லை. புஞ்சையில் வருமானம் இல்லாதபோது போகத்தான் தோன்றும். தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978-ம் ஆண்டிலிருந்து நடத்திவருகிறது. காலியிடங்களை அதன் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். கணவர் முதலில் அதில் பதிவுசெய்யட்டும். இப்போது பேசிக்கொண்டிருக்கும் ஏஜென்ட் பற்றி விசாரிக்க, அயலகத் தமிழர் நலத்துறையின் கட்டணமில்லா எண் 1800 309 3793. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாப்பாளர் அலுவலகமும் இருக்கிறது. பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.

‘‘யார் யாரோ வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். ‘வீட்டிலிருந்தே வேலை, வீடியோவுக்கு லைக் போட்டால் 150 ரூபாய்’ என்று வருகிறது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு உண்மையிலேயே 450 ரூபாய் வந்திருக்கிறது. சேரலாமா?’’

– வாசகர், மேலூர்.

அந்த 450 ரூபாய் கோழிக்குத் தூவும் அரிசி. அடுத்த கட்டத்தில் டெலிகிராம் குழுவுக்கு அழைத்துப்போய், ‘2,000 போட்டால் 2,800’ என்பார்கள். அதுவும் ஒரு தடவை வரும். 20,000 போட்ட பிறகு திரையில் லாபம் ஏறிக்கொண்டே இருக்கும், எடுக்க மட்டும் முடியாது. பக்கத்து வீட்டுப் பையனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போனால், ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று ஓர் இடம் இருக்கும். அதைத் தொட்டுவிட்டால், உங்கள் போனில் பெயர் பதியாத யாரும் உங்களைக் குழுவில் நேரடியாகச் சேர்க்க முடியாது. டெலிகிராமிலும் இதேபோல் ஓர் அமைப்பு இருக்கிறது. ஏற்கெனவே சேர்த்துவிட்ட குழுவிலிருந்து வெளியேறும்போது ‘ரிப்போர்ட்’ என்பதையும் அழுத்திவிட்டு வெளியேறுங்கள்.